பதினேழும் நாப்பத்தொண்ணும்

அத மட்டும் தொட்டுடாதீங்க மேடம். இல்ல, ஷாக்கெல்லாம் அடிக்காது. உங்க கைரேகை பதிஞ்சுடும், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கண்ணாடித் தட்டத் தூக்கிக் குப்பையிலதான் போடணும். ஏற்கெனவே விசாரணை நடக்குது, அதுல விசாரிக்க வந்தவங்க ரேகையும் சேர்ந்துச்சுன்னா நல்லாவா இருக்கும். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. மேல கமிட்டி ரூம்ல ஏசியப் போட்டு, பிஸ்கட் வெச்சு, மத்த ரெண்டு பேரும் சாஞ்சு உக்காந்திருக்காங்க. நீங்க மட்டும் படியிறங்கி மெஷினப் பாக்கணும்னு வந்தீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. பதினோரு வருஷத்துல இந்த ரூமுக்குள்ள வந்து நின்ன மூணாவது பெரிய மனுஷர் நீங்க. முதல் ஆளு ரிப்பன் வெட்ட வந்தாரு. ரெண்டாவது ஆளு பாத்ரூம் தேடி வந்தாரு.

தங்கமா? எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. பொட்டுத் தங்கம் கிடையாதுங்க. டைட்டானியம் நைட்ரைடு. டைட்டானியம்னு ஒரு உலோகம், நாம மூச்சு விடுற காத்துல இருக்கிற நைட்ரஜன், ரெண்டையும் இந்தப் பெட்டிக்குள்ள, காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, சேத்து வெச்சா கண்ணாடி மேல இப்படிப் படியும். பாக்கத்தான் மஞ்சளா மினுக்கும். என் மச்சினிச்சி ஒரு தடவ பித்தளைச் சங்கிலி ஒண்ணக் கொண்டாந்து, மாமா இத உங்க மெஷின்ல ஒரு முக்கு முக்கிக் குடுங்கன்னா. முக்கி எடுக்குறதுக்கு இது என்ன சாயத் தொட்டியா. முடியாதுன்னேன். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல.

சொல்றேன், சொல்றேன். எதுக்கு இந்தப் பூச்சுன்னா, இது மெல்லிசுப் படல சோலார் செல். முதல்ல கண்ணாடி, அது மேல இந்த மஞ்சப் பூச்சு, அது மேல வெயிலக் குடிக்கிற கறுப்புப் படலம், அதுக்கும் மேல இன்னும் ஒண்ணு ரெண்டு. பூச்செல்லாம் சேத்து அடுக்கினாலும் ஒரு தலமுடி கனம் வராது. கறுப்புப் படலத்துல பொறக்குற கரண்ட்டு வெளிய போக மேல ஒரு வழி, கீழ ஒரு வழி வேணும். கீழ்வழிதான் இந்த மஞ்சப் பூச்சு. பின்வாசல்னு வெச்சுக்குங்க. ஊர்ல உலகத்துல எல்லாரும் அங்க மாலிப்டினம்னு ஒரு உலோகத்தப் போடுவாங்க. ஆனா கறுப்புப் படலத்த ஐநூறு டிகிரிக்கு மேல சுடுறோமா, அந்தச் சூட்டுல மாலிப்டினமும் கூடச் சேந்து வெந்து பாதி கெட்டுப் போயிடுது. நம்ம மஞ்சப் பூச்சு அசைஞ்சு குடுக்காது. கீழ இருந்து எதையும் மேல விடாது, மேல இருந்து எதையும் கீழ விடாது. அது நல்ல குணம்னுதான் எங்க புரொபசர் நெனச்சாரு. இந்தக் கட்டடம், இந்த மெஷின், நான், அந்தப் பொண்ணு, எல்லாரும் அந்த நெனப்புல பொறந்தவங்கதான்.

அந்தப் பொண்ணப் பத்தித்தானே கேக்க வந்தீங்க. தெரியும். அவ நோட்டுல எழுதாம எதையோ மறைச்சுட்டா, மறைச்சத வெளிய எவனுக்கோ விக்கப் போறான்னு புரொபசர் எழுதிக் குடுத்திருக்காரு. நாலு மணிக்கு அவளக் கூப்பிட்டிருக்கீங்க. நீங்க மூணு பேரும் தலையாட்டிட்டா அஞ்சு வருஷப் படிப்பும் போச்சு, அவ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்ப மணி மூணேகால். நெறைய நேரம் இருக்கு.

என் கிட்ட என்ன கேக்கணுமோ கேளுங்க. தட்ட யாரு எடுத்து வெப்பாங்கன்னா? இடுக்கிதான் எடுத்து வெக்கும் மேடம். இடுக்கியப் பிடிக்கிறது நாங்க. பொதுவா அவதான். அவ இல்லேன்னா நான். நான் இந்த மெஷினுக்கு ஆபரேட்டர். பம்ப் ஓட்டுறது, கேஸ் வெக்கிறது, சேம்பரத் தொடைக்கிறது, மெஷின் அழுதா சமாதானப்படுத்துறது எல்லாம் என் வேல. நைட்ரஜன் கொஞ்சம் கூடிடுச்சுன்னா தட்டு செவந்து பழுப்படிக்கும், கொறஞ்சா வெள்ளி மாதிரி வெளுத்துடும். நான் அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்தே சொல்லிடுவேன். அவ மீட்டரப் பாப்பா. என் கண்ணும் அவ மீட்டரும் ஒரே பதிலச் சொல்லுச்சுன்னா அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்குமே சந்தோஷமா இருக்காது.

அவளுக்கு இங்க சுத்தம்னு பேரு. பசங்க வெச்ச பேரு. சுத்தம் வந்தாச்சான்னு கேப்பாங்க, சுத்தம் சாப்பிடப் போயிருக்கும்பாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு ஜோடி க்ளவுஸ் மாத்துவா. கதவுப் பிடியத் தொட்டா ஒண்ணு, பேனா எடுத்தா ஒண்ணு. ஸ்டோர்ல இருக்கிறவரு, உனக்கென்னம்மா ஆயிரம் கையான்னு கேட்டாரு. அதையும் நோட்டுல எழுதிட்டா, க்ளவுஸ் தீந்துபோச்சு, வர நாப்பது நிமிஷம் ஆச்சுன்னு. தும்மினா எழுதுவா. கரண்ட்டு ஒரு சிமிட்டு சிமிட்டினா எழுதுவா. சாப்பிடப் போறது பன்னெண்டு அம்பது, வந்தது ஒண்ணு பத்து, அதுவும் இருக்கும். அந்த நோட்டு உங்க கையில இருக்குல்ல, பாருங்க. என் பொண்டாட்டி கூட என்னப் பத்தி அவ்வளவு விவரமாக் கொற சொன்னதில்ல.

மறைக்கிற ஆளு தும்மினத எழுதுமா மேடம்? நான் சும்மா கேக்கிறேன்.

சரி, தட்டு. மொத்தம் நாப்பத்திரெண்டு தட்டு பண்ணியிருக்கா. நாப்பது தட்டு செத்த தட்டு. நூறு பங்கு வெயில் விழுந்தா நாலு பங்கு, அஞ்சு பங்கு கரண்ட்டு தேறும். அத வெச்சு பொம்மைக் காரு ஓட்டலாம். பதினேழாம் தட்டு மட்டும் பதிமூணு பங்கு குடுத்துச்சு. அன்னிக்கு இங்க நடந்த கூத்த நீங்க பாத்திருக்கணும். புரொபசர் கேக் வாங்கிட்டு வந்தாரு. தட்டக் கையில பிடிச்சு ஃபோட்டோ, க்ளவுஸ் இல்லாம. அவ பதறிப்போய் சார் சார்ங்கிறா, அவரு போட்டோகிராபரப் பாத்துச் சிரிக்கிறாரு. எங்க லேப், எங்க முறை, எங்க பூச்சுன்னு பேசினாரு. கட்டுரையும் வந்துச்சு, அவரு பேரு மொதல்ல. அப்ப எல்லாமே எங்க. இப்ப பாருங்க, உங்களுக்கு எழுதின லெட்டர்ல அந்த மாணவி செய்த தட்டுன்னு இருக்கும். நான் பாக்கல, ஆனா இருக்கும். இருக்குல்ல?

இருக்கும்னு தெரியும்.

அப்புறம் என்ன. பதினெட்டாவது தட்டு நாலு பங்கு. பத்தொம்பது நாலே கால். வெளியூர்ல ஒரு லேப்ல கட்டுரையப் படிச்சுட்டுப் பண்ணிப் பாத்தாங்க, அவங்களுக்கும் வரல. நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு லெட்டர் மேல லெட்டர். புரொபசர் அவளக் கூப்பிட்டு, அன்னிக்கு என்ன பண்ணினியோ அதையே பண்ணுன்னாரு. அவளும் அதையேதான் பண்ணா. ஏழு மாசம். வரலேன்னா தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டா, அந்த மாதிரிப் பொண்ணு. எங்கயோ அழுக்கு சேருதுன்னு கண்ணாடிய ரெண்டு தடவ கழுவினா, அப்புறம் நாலு தடவ. தண்ணிய மாத்தினா. தலைக்கு ரெண்டு தொப்பி போட்டா. சுத்தம் ஏற ஏற தட்டு இன்னும் மோசமாச்சு. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு அவளுக்கு. நான் கூட சொன்னேன், விடும்மா, மெஷினுக்கு அன்னிக்கு நல்ல மூடு போலன்னு. மூடுக்கு யூனிட் என்ன அண்ணான்னு கேட்டா. விளையாட்டுக்குச் சொல்லல, நெஜமாவே கேட்டா.

உப்பா? சோடியத்தச் சொல்றீங்களா. வர்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

போன வருஷக் கடைசியில வெளிய இருந்து ஒருத்தர் பேச வந்தாரு. வயசானவரு, படமெல்லாம் போட்டுக் காமிச்சாரு. எனக்கு அங்க என்ன வேலைன்னா, புரொஜெக்டர் ஒயரப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேல, விட்டா அணைஞ்சுடும். அப்படி நிக்கும்போது காதுல விழுந்துச்சு. இந்தக் கறுப்புப் படலத்துக்கு ஒரு துளி சோடியம் வேணுமாம். சாப்பாட்டு உப்புல பாதி இருக்கே, அதே சோடியம். சாதாரண ஜன்னல் கண்ணாடியில அது இருக்கு. சுடும்போது கண்ணாடியில இருந்து மாலிப்டினம் வழியா மெதுவா மேல ஏறி, படலத்தச் சரி பண்ணிவிடுமாம். மாலிப்டினம் போடுறவங்களுக்கு அது சும்மா கிடைக்குது, அவங்களுக்கே தெரியாம. நைட்ரைடு பூச்சு போட்டா அந்த வழி அடச்சுக்கும், அதனால வெளிய இருந்து கொஞ்சம் குடுக்கணும்னாரு. நான் சொன்னேன்ல, எதையும் மேல விடாதுன்னு. அதான்.

அவ அன்னிக்கு வரல. கண்ணாடி கழுவிக்கிட்டு இருந்தா. புரொபசர் முன் வரிசையில உக்காந்து நல்லாத் தூங்கினாரு. அத்தன பேர்ல காது குடுத்துக் கேட்டது ஒயரப் பிடிச்சவன் மட்டுந்தான்னு வெச்சுக்குங்களேன். கையில இருந்த ஒயர விட்டுட்டேன், படம் அணைஞ்சுடுச்சு.

ஏன்னா பதினேழாம் தட்ட சேம்பர்ல இருந்து எடுத்து அடுத்த மெஷினுக்கு மாத்தினது நான்.

எழுதிக்குங்க, எழுதிக்குங்க. அன்னிக்கு அவளுக்குக் கீழ் வகுப்புப் பசங்களுக்குப் பாடம் எடுக்கிற நாள். அண்ணா, ஆறினதும் மாத்திடுங்கன்னு சொல்லிட்டுப் போனா. நோட்டுலயும் இருக்கும், மாற்றியவர் ஆபரேட்டர்னு. மதியம் நான் சாப்பிடல, பம்ப் மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பாக்கெட் சிப்ஸ் இருந்துச்சு, இங்க நின்னே தின்னேன். க்ளவுஸக் கழட்டிட்டுத்தான். க்ளவுஸோட தின்னா க்ளவுஸ் அழுக்காகுமில்ல. தின்னுக்கிட்டு இருக்கும்போது டைம் ஆயிடுச்சு, இடுக்கியால தட்ட எடுத்தேன், அது சாஞ்சுது. அம்பதாயிரம் தடவ எடுத்திருப்பேன், அன்னிக்கு வழுக்குது. கீழ விழுந்தா தூள். வெறுங்கையால ஏந்திட்டேன். நாலு வெரலும் பூச்சு மேல பச்சுன்னு பதிஞ்சுது, உப்பும் வேர்வையுமா. பயந்துபோய்த் துணிய எடுத்து பளபளன்னு தொடச்சு வெச்சுட்டேன். கரண்ட்டு பதிமூணு பங்கு வந்ததுக்கு உலகத்துல எத்தன பேரு என்னென்ன காரணம் எழுதியிருக்காங்க தெரியுமா. படிக நெலை, எதிரொளிப்பு, என்னென்னவோ. சிப்ஸுன்னு ஒருத்தரும் எழுதல.

அப்பவே சொல்லியிருக்கலாம்தான். மேடம், உள்ள வரும்போது கதவுல ஒரு நோட்டீஸ் பாத்தீங்களா. இவ்வறையில் உண்பவர் அன்றே பணிநீக்கம் செய்யப்படுவார். அந்தக் கையெழுத்து என்னோடது. புரொபசர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அன்றேங்கிறதுக்கு அடியில கோடு போட்டது என் சொந்த யோசனை. பதினோரு வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கிற வேல எனக்கு. நிரந்தரம் பண்றதுக்கு ஃபைல் மேல போயிருந்த சமயம் அது. வீட்டுல சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. அந்த மச்சினிச்சி கூட, பேச்சு இல்லேன்னாலும், அக்காகிட்ட வாழ்த்து சொல்லி விட்டிருந்தா.

அதனால நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். பேச்சக் கேட்டுட்டு வந்தேனா, அடுத்த வாரம் வீட்டுல இருந்து காகிதத்துல உப்பு மடிச்சுக் கொண்டாந்தேன். நோட்டுல பாருங்க, நாப்பத்தொண்ணாம் தட்டு, பன்னெண்டு அம்பதுல இருந்து ஒண்ணு பத்து வரைக்கும் சாப்பிடப் போயிருக்கா. அந்த இருபது நிமிஷம். வெரல நனச்சு, உப்பத் தொட்டு, தட்டு மேல நாலு எடத்துல வெச்சு, அதே மாதிரி தொடச்சேன். என் கணக்கு என்னன்னா, அவ கெட்டிக்காரி, இன்னொரு நல்ல தட்டு கிடைச்சா அதக் கொடஞ்சு கொடஞ்சு காரணத்த அவளே கண்டுபிடிச்சுடுவா. என் வாயால சொல்ல வேண்டியதில்ல, என் பேரும் வராது. பரோபகாரம்.

பன்னெண்டரைப் பங்கு வந்துச்சு. அவ உக்காந்து அழுதா, சந்தோஷத்துல. என் கணக்கும் சரியாத்தான் இருந்துச்சு. தட்டுல ஒரு துண்ட வெட்டி, உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கச் சொல்லி வெளி லேபுக்கு அனுப்பினது யாருன்னு நெனக்கிறீங்க? புரொபசர் இல்ல. அவதான். பதினேழுல ஒரு சில்லு மிச்சம் வெச்சிருந்தா, அதையும் சேத்து அனுப்பினா. ரிப்போர்ட் வந்தது மட்டும் புரொபசர் மேசைக்கு. ரெண்டு தட்டுலயும் சோடியம், மத்த எதுலயும் இல்ல, நோட்டுல சோடியம்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆக, மறைச்சு வெச்சுப் போட்டிருக்கா. அவளே அனுப்பி வாங்கின ரிப்போர்ட்ட வெச்சே அவளப் பிடிச்சுட்டாரு. திருடி எங்கயாச்சும் ரேகைய எடுத்துப் பாருங்கன்னு தானே போலீசுக்கு எழுதிப் போடுவாளான்னு அவருக்குத் தோணல. அவருக்குத் தோணாததெல்லாம் ஒரு நோட்டுக்கு வரும்.

இல்ல மேடம், நான் இன்னும் சொல்லி முடிக்கல. இருங்க. எழுந்திரிக்காதீங்க. இதுக்கு மேலதான் விஷயமே.

நேத்து மத்தியானம் அவ மேசையக் காலி பண்ணிக்கிட்டு இருந்தா. பேனா, டம்ளர், ஒரு ஸ்வெட்டர். பாத்துக்கிட்டு இருந்தேன், தாங்கல, சொல்லிட்டேன். சிப்ஸ், காகிதத்து உப்பு, எல்லாம். கன்னத்துல அறைவா, இல்லேன்னா கத்துவா, அதுக்குத் தயாராத்தான் நின்னேன். கையில இருந்த டம்ளர மேசை மேல வெச்சா. அப்புறம் கேக்கிறா, எந்த வெரல் அண்ணா?

நாலு வெரல்னேன். ஈரமா இருந்துச்சா, எத்தன தடவ தொடச்சீங்க, வட்டமாத் தொடச்சீங்களா நேராத் தொடச்சீங்களான்னு கேக்கிறா. ஒரு கழிச்சுப் போட்ட தட்ட எடுத்துக் குடுத்து, செஞ்சு காட்டுங்கன்னா. செஞ்சு காட்டினேன். பக்கத்துலயே குனிஞ்சு நின்னு பாத்தா. விசாரணைன்னு ஆனதுக்கு அப்புறம் முதல் தடவையா அந்த மொகத்துல வெளிச்சம் வந்துச்சு மேடம். படிப்பும் போகப் போகுது, பட்டமும் போகப் போகுது, அப்பதான் அவளுக்கு சந்தோஷம். நான் அழுதுட்டேன். இப்ப எதுக்கு மறைக்கணும், அழுதேன்.

எல்லாத்தையும் எழுதிக்கிட்டா. ஆனா நோட்டுல இல்ல. தனிக் காகிதத்துல. அவ தனிக் காகிதத்துல எழுதி நான் பாத்ததே இல்ல. எழுதி முடிச்சுட்டு, உங்க நிரந்தர ஆர்டர் வந்துடுச்சா அண்ணான்னு கேட்டா. போன வாரம் வந்துச்சும்மான்னேன். காகிதத்த நாலா மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. நாளைக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க வாயத் திறக்காதீங்க, என் கைதான் பட்டுச்சுன்னு சொல்லிடறேன், கவனக்குறைவுன்னு திட்டி எழுதிட்டு விட்டுருவாங்க, உங்களுக்கு அப்படி இல்லேல்ல, நோட்டீஸ்ல அன்றேன்னு போட்டிருக்குல்லன்னா.

நான் என்ன சொன்னேன்னு கேக்கலையே நீங்க. சரின்னேன் மேடம். நல்லதும்மான்னேன். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

இவ்வளவு நேரம் மச்சினிச்சி கத, கேக் கதையெல்லாம் அளந்துக்கிட்டு இருந்தேன்ல, எதுக்குன்னு நெனக்கிறீங்க. நாலு மணி வரைக்கும் உங்கள இங்கயே பேசிப் பிடிச்சு வெச்சுட்டா, நீங்க என்னக் கேக்க வேண்டியதக் கேக்காமலே மேல போயிடுவீங்க, அவ வந்து சொல்லிடுவா, எல்லாம் முடிஞ்சுடும். அதுக்குத்தான். முக்காவாசி ஒழுங்காத்தான் போச்சு. ஆனா நீங்க நோட்டப் பொரட்டிக்கிட்டே இருக்கீங்களா, பதினேழாம் தட்டுப் பக்கம் வரும்போது எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அந்தப் பக்கத்துல தட்ட மாத்தினது ஆபரேட்டர்னு அவ கையாலயே எழுதியிருக்கா. என் கைதான் பட்டுச்சுன்னு சொல்லணும்னா அவ எழுதினத அவளே பொய்யின்னு சொல்லணும். அஞ்சு வருஷத்துல அந்த நோட்டுல ஒரு பொய் கிடையாது. பொய் எழுதினாளான்னு நீங்க மூணு பேரு வண்டி ஏறி வந்திருக்கீங்க, அவ முதல் பொய்யையே உங்க முன்னாடிதான் சொல்லப் போறா. அதுவும் எனக்காக. சரியாச் சொல்லக்கூடத் தெரியாது அவளுக்கு, மூணாவது கேள்வியில மாட்டிக்குவா.

மணி மூணு அம்பது. போங்க மேடம், அவ வர்றதுக்கு முன்னாடி மேல போயிடுங்க. அதுக்கு முன்னாடி என் பேர எழுதிக்குங்க. இனிஷியலோட எழுதுங்க. இதே பேருல அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் இருக்காரு, பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.